ஹோர்ன் தானாக அடித்தது பற்றி மாமாவுக்கு

எஹலியகொட,
ஐப்பசி மாதம், செவ்வாய்க்கிழமை.

யட்டியாந்தோட்டை பஸாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் மாமா ராஜதுரை அவர்களின் சமுகத்துக்கு, மருமகன் நல்லையா கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே மழை. என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. அங்கே உங்கள் இருமலும், தங்கம்மா மாமியின் முழங்கால் வலியும், கடையில் எலித் தொல்லையும் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். என் பிள்ளை குமுதினி ஒழுங்காகச் சாப்பிடுகிறாள் என்று நீங்கள் எழுதியிருந்த ஒரு வரியை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்தேன். மற்ற வரிகளை ஒரு தடவைக்கு மேல் வாசிக்க முடியவில்லை.

உங்கள் கடிதத்தைத் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்தபோது நான் ரப்பர் தோட்டத்துப் பாக்டரியில் மெயின் சுவிட்சின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு நின்றேன். கடிதத்தின் முதல் வரி, "குடிகார மாப்பிள்ளைக்கு" என்று இருந்தது. வாசித்துக்கொண்டே இடது கையை எங்கே வைக்கிறோம் என்று பார்க்காமல் வைத்துவிட்டேன். ரப்பர் ஷீட் உலர்த்தும் ஆட்கள்தான் தூக்கி உட்கார வைத்தார்கள். ஆகையால் அந்த இரண்டு அதிர்ச்சியில் எது முதலில் வந்தது என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. கொழும்பு டெக்னிக்கலில் படித்து சேர்ட்டிபிக்கட் வாங்கிய ஒருவன் இப்படிச் செய்வானா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். 

உங்கள் கடிதத்தின்படி என் குற்றங்கள் இவை. என் மனைவியும் உங்கள் ஒரே மகளுமான சீதாலட்சுமியின் வருஷத் திதி அன்று, ஐயர் பிண்டத்தைக் கையில் எடுத்த நேரம் பார்த்து, நான் மாலை போட்ட பைக்கில் ஹோர்னை அழுத்திப் பிடித்துக்கொண்டு வீட்டைத் தாண்டிப் போனேன். போனவன் திரும்பி வந்து எதிர்ப்பக்கமாக இன்னொரு தடவை தாண்டினேன். அதுவும் போதாமல் மூன்றாவது தடவையும் வந்து ஹோர்ன் அடித்துவிட்டு நிற்காமல் ஓடிப்போனேன். மதில் மேல் வைத்த சோற்றைத் தின்ன வந்த காக்கைகள் எல்லாம் பறந்து போய்ப் பொழுது சாயும் வரை திரும்பவில்லை. சொந்தக்காரர்கள் "சீதாவுக்கு இன்னும் மனசு ஆறல" என்று பேசிக்கொண்டு பாயசத்தைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்கள். பிள்ளை என் ஹோர்ன் சத்தத்துக்குப் பயந்து வீட்டுக்குள் ஓடிவிட்டாள். ஆகவே நான் குடித்திருந்தேன். ஆகவே, திதி முடிந்ததும் பிள்ளையை நான் தோட்டத்துக்கு அழைத்துப் போகலாம் என்று நமக்குள் இருந்த பேச்சு இனிமேல் இல்லை.

மாமா, நான் குடிப்பதில்லை. கல்யாணத்தன்று உங்கள் தம்பி கட்டாயப்படுத்தி ஊற்றிக் கொடுத்ததையும் குரோட்டன் தொட்டியில் ஊற்றிவிட்டு வாயைத் துடைத்தவன் நான். அந்தச் செடி பட்டுப்போனதற்கு மாமி ஆட்டுக்குட்டியை அடித்தார்கள். அன்று நடந்தது முழுக்க முழுக்க எலெக்ட்ரிக் சம்பந்தமானது. அதை உங்களுக்கு விளங்கும்படி எழுதுவதற்குத்தான் இந்தக் கடிதம்.

தோட்டத்து மேனேஜர் துரை எனக்குக் கொடுத்திருக்கும் பைக்கை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். உயரமான சீட்டும், பெரிய பட்டன் வைத்த டயரும், வானத்தைப் பார்க்கிற மட்கார்டும். அது தார் ரோட்டுக்குச் செய்த வண்டி அல்ல. சேற்றிலும் கல்லிலும் ஓடைத் தண்ணீரிலும் ஏறி இறங்கச் செய்தது. மேல் டிவிசனில் பம்பு நின்றாலும் கீழ் டிவிசனில் லைட் போனாலும் நான்தான் போகவேண்டும் என்பதால் அது எனக்குக் கிடைத்தது. அந்த வண்டிக்குள் தலை முதல் வால் வரை வயர் ஓடுகிறது. ஒரு வயரும் இன்னொரு வயரும் சந்திக்கிற இடத்தில் ஒரு சிறிய கனெக்டர் இருக்கும். உங்கள் கடையில் மண்ணெண்ணெய் அளக்கும்போது புனலைப் போத்தலின் வாயில் சொருகுவீர்களே, அது மாதிரி ஒன்றின் வாயில் ஒன்று போய் இறுக்கமாக உட்கார வேண்டும். உள்ளே இருப்பது பித்தளை. இந்த ஊர் மழையில் அதற்குள் தண்ணீர் போகும், பச்சைக் களிம்பு பிடிக்கும், கரண்ட் பாதி போகும், பாதி போகாது. அதனால் மாதம் ஒரு தடவையாவது ஒவ்வொன்றாகக் கழற்றி, களிம்பைச் சுரண்டி, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு, கொஞ்சம் கிரீஸ் தடவி, "டிக்" என்று சத்தம் வரும் வரை அழுத்திச் சொருக வேண்டும். இது எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கு நான் சொல்லிக் கொடுப்பதும் இதுதான். ஆனால் போன வருஷம் ஐப்பசியில் சீதா காய்ச்சலில் போன பிறகு நான் ஒரு கனெக்டரையும் கழற்றிப் பார்க்கவில்லை. உதைப்பேன், ஸ்டார்ட் ஆகும், போவேன். வருவேன். ஸ்டார்ட் ஆகிற ஒன்றை ஏன் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

திதிக்கு முதல் நாள் வண்டி சேறாக இருக்கிறதே, மாமா வீட்டு வாசலில் இப்படிக் கொண்டுபோய் நிறுத்தக்கூடாதே என்று பாக்டரி பம்பிலிருந்து ஹோஸ் பிடித்து அடித்துக் கழுவினேன். அந்தத் தண்ணீர் போகக்கூடாத இடத்துக்கெல்லாம் போனது. விடிந்ததும் குளித்து, வேட்டி கட்டி, வாழைப்பழச் சீப்பையும் தேங்காயையும் பெட்ரோல் டேங்கின் மேல் கயிறு போட்டுக் கட்டினேன். மாலையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கையில் பிடிக்க முடியாது, கழுத்தில் போட்டுக்கொள்ள முடியாது. ஹெட்லைட்டில் மாட்டினேன். இதைத்தான் பஸார்க்காரர்கள் "மாலை போட்ட பைக்" என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். பொய் இல்லை. தெஹியோவிட்டயில் ஒரு ஆள் சைக்கிளை நிறுத்திவிட்டு யாருக்கு வோட்டுக் கேட்கிறீர்கள் என்று கேட்டார்.

தோட்டத்துப் பாதையில் முதல் வளைவிலேயே வியாதி தெரிந்துவிட்டது. ஹேண்டிலை வலது பக்கம் திருப்பினால் ஹோர்ன் தானாக அடித்தது. இடது பக்கம் திருப்பினால் எஞ்சின் செத்தது. நேராகப் பிடித்தால் ஹோர்னும் அடிக்காது, எஞ்சினும் நிற்காது, ஒன்றுமே நடக்காதது மாதிரி போனது. காரணம் எனக்கு உடனே விளங்கியது: ஹேண்டிலுக்குக் கீழே இரண்டு கனெக்டர் வெடித்து வயர் வெளியே வந்திருக்க வேண்டும். வலது பக்கம் திருப்பும்போது ஹோர்ன் வயர் இரும்பில் படுகிறது, இடது பக்கம் திருப்பும்போது எஞ்சினை நிறுத்துகிற வயர் இரும்பில் படுகிறது. சரி, இறங்கிக் கழற்றிப் பார்ப்போம் என்றால் டேங்கைத் தூக்க வேண்டும், டேங்கின் மேல் உங்கள் மகளுக்குப் படைக்கிற பழமும் தேங்காயும் இருக்கிறது, நேரமோ போய்க்கொண்டிருக்கிறது. இந்த மாதிரிப் பைக்கை வேகமாக ஓட்டினால் உடம்பைச் சாய்த்தே வளைத்துவிடலாம், ஹேண்டிலைத் திருப்ப வேண்டியதில்லை. மெதுவாகப் போனால்தான் திருப்ப வேண்டும். ஆகவே வேகமாகப் போனேன். நான் கண்மண் தெரியாமல் வந்தேன் என்று கரவனெல்லயில் உங்கள் சிநேகிதர் பார்த்துச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது எச்சரிக்கையாக வந்தது மாமா.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். கரவனெல்லப் பக்கமிருந்து வந்தால் உங்கள் கடையும் வீடும் வலது பக்கம், முன்னால் வாய்க்காலைத் தாண்டுகிற சின்ன மதகு. மதகில் ஏற வேண்டுமென்றால் வலது பக்கம் திருப்ப வேண்டும். திருப்பினேன். அடித்தது. அடித்தது என்றால், அந்த ஹோர்ன் அவ்வளவு சத்தம் போடும் என்று எனக்கே அன்றுதான் தெரியும். வாசலில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பினார்கள். ஐயர் கையில் பிண்டத்தோடு வாயைத் திறந்தபடி இருந்தார். அவருக்குப் பின்னால் சீதாவின் படம், குங்குமப் பொட்டு வைத்து. அந்தப் படத்துக்கு முன்னால் அந்தச் சத்தத்தோடு உள்ளே வர எனக்கு முடியவில்லை. ஹேண்டிலை நேராக்கினேன். சத்தம் நின்றது. ஆனால் நேராக்கினால் வண்டியும் நேராகத்தான் போகும். போனது. காக்கைகள் போனது அப்போதுதான். ஹோர்ன் சத்தம் கேட்டால் எந்தக் காக்கையும் பறக்கும் மாமா, அதற்கு மனம் ஆற வேண்டியதில்லை.

மேலே போய்த் திரும்பினேன். ரோட்டில் வண்டியைத் திருப்புவது என்றால் வலது பக்கமாகத்தான், ஆகவே அங்கேயும் அடித்தது, கல் உடைத்துக்கொண்டிருந்த ஒருவர் சுத்தியலைப் போட்டுவிட்டு எழுந்து நின்றார். திரும்பி வரும்போது உங்கள் வீடு இடது பக்கம். நல்லது, இனி ஹோர்ன் அடிக்காது என்று நிம்மதியோடு மதகுக்கு நேரே இடது பக்கம் திருப்பினேன். எஞ்சின் செத்தது. வண்டி குலுங்கியது, தேங்காய் கயிற்றிலிருந்து நழுவி உருண்டு உங்கள் கடை வாசலில் போய் விழுந்தது. அந்தத் தேங்காயைத்தான் "கல்லெறிந்தான்" என்று உங்கள் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். விழப்போகிறேன் என்ற பயத்தில் கை தானாக ஹேண்டிலை நேராக்கியது. கியரில் இருந்த வண்டி, உருண்ட வேகத்திலேயே மறுபடி ஸ்டார்ட் ஆகி, என்னையும் தூக்கிக்கொண்டு பஸாருக்குள் போய்விட்டது. வேட்டி ஒரு பக்கம் அவிழ்ந்ததும் அப்போதுதான். அதை ஒரு கையால் பிடித்தேன். நீங்கள் "கையை ஆட்டி ஆட்டிப் போனான்" என்று எழுதியது அந்தக் கை.

பஸ் ஸ்டாண்டில் திரும்ப வேண்டும். வலது பக்கம். அன்று ஞாயிற்றுக்கிழமைச் சந்தை வேறு. நடு ரோட்டில் வட்டம் போட்டேன், வட்டம் முடியும் வரை ஹோர்ன் அடித்தது, மீன் கூடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டு, ஹோர்னை நிறுத்து என்று சிங்களம் பாதி தமிழ் பாதியாகக் கத்தினார்:

"மாத்தயா, ஹோர்ன் எக்க நவத்தன்ன! எந்த வீட்டுக் கல்யாணம் இது?"

"கல்யாணம் இல்ல அண்ணே, திதி!" என்று நானும் கத்தினேன்.

"திதியா? ஆருக்கு?"

"எம் பொண்டாட்டிக்கு!"

அந்த மனிதர் காதிலிருந்து கையை எடுத்துவிட்டார்.  வழி விட்டார்கள். அத்தனை பேரும் ஒதுங்கி நின்று வழி விட்டார்கள் மாமா. ஹோர்ன் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.

மூன்றாவது தடவை நான் ஒரு முடிவோடு வந்தேன். திருப்பினால்தானே வம்பு, திருப்பவே வேண்டாம், ரோட்டிலேயே நேராக நிறுத்திவிட்டு மதகில் நடந்து வருவோம் என்று. வேகத்தையும் குறைத்துவிட்டேன். ஆனால் மதகுக்குக் கிட்டே வந்ததும் ஹோர்ன் தானாக ரெண்டு தடவை சின்னதாக அடித்தது. நான் தடுமாறிப் போனேன். அதே நேரம் பார்த்து எனக்குப் பின்னால் ஹட்டன் பஸ் ஒன்று முட்டுகிற மாதிரி வந்துவிட்டது. ட்ரைவர் ஜன்னலால் தலையை நீட்டித் திட்டினார். நிறுத்த இடமில்லை. வேறு வழியில்லாமல் நேராகப் போனேன். பிள்ளை பயந்து உள்ளே ஓடியது அப்போதாகத்தான் இருக்கும்.

கித்துள்கல போகிற பாதையில் கொஞ்ச தூரம் போனதும் மழை பிடித்தது, வண்டி தானாகவே நின்றுவிட்டது. நின்ற இடம் பாறூக் நானாவின் மோட்டார் கராஜ். அவரை உங்களுக்குத் தெரியும், உங்கள் கடையில்தான் சீனி வாங்குகிறார். நான் குடித்திருந்தேனா என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அவர் டேங்கைக் கழற்றி, குனிந்து பார்த்து, ஈரக் கையோடு பிளக் வயரைப் பிடித்தார். நான் அந்த நேரம் பார்த்து வண்டியை உதைத்துவிட்டேன். பழைய டயர் குவியலுக்கு மேலே போய் உட்கார்ந்தார்.

"யா அல்லாஹ்! என்ன தம்பி, என்னக் கொன்னு மையத்தாக்கப் பார்க்கிறீங்களா?" என்றார். எழுந்து வந்தவர் மறுபடி குனிந்து பார்த்துவிட்டு, பிளக்கை மறந்துவிட்டார். "இது என்னத்த? ஒங்கட பைக்குக்கு ஆரு இந்த வேல பார்த்த?"

பார்த்தேன். மாமா, ஒவ்வொரு கனெக்டரும் வெள்ளையாக, தடிப்பாக, காயத்துக்குக் கட்டுப் போட்ட மாதிரி இருந்தது. ரப்பர் பால். துணியைப் பாலில் நனைத்துச் சுற்றி, அதற்கு மேலே மறுபடி பால் பூசி, காயவிட்டு, மறுபடி பூசியிருக்கிறது. எங்கள் தோட்டத்தில் வாளி ஓட்டையானாலும், ஹோஸ் வெடித்தாலும், பால் வாளிக்காரியின் விரல் வெட்டுப்பட்டாலும் இதுதான் வைத்தியம். ஆனால் மரத்திலிருந்து பாக்டரிக்கு வரும் பால் உறைந்து போகாமல் இருக்க அதில் அமோனியா ஊற்றுவார்கள். அமோனியா பித்தளைக்கு எமன். உள்ளே இருந்துகொண்டு கொஞ்சம் கொஞ்சமாக அரித்து, வெடிக்க வைத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் போகாது. உள்ளே எல்லாம் பொடியாகியிருக்கும். பாறூக் நானா ஒன்றைக் கத்தியால் கிழித்துத் திறந்தார். பச்சைத் தூள் கொட்டியது.

"படிச்ச ஆளு நீங்க. இத ஆரு செஞ்ச எண்டு கண்டுபிடிச்சி அவண்ட கைய வெட்டணும்" என்றார்.

நான் ரப்பரை உரித்துத் துணியைப் பார்த்தேன். மாம்பழக் கலர், அதில் வெள்ளைப் பூ. போன வருஷத்துக்கு முந்தின தீபாவளிக்கு மாமி சீதாவுக்கு வாங்கிக் கொடுத்த சேலை. அவள் காய்ச்சலில் படுப்பதற்குச் சில நாள் முன்னால் முந்தானையில் ஒரு முழம் இல்லாமல் இருந்தது. கேட்டதற்கு வேலிக் கம்பியில் கிழிந்துவிட்டது என்றாள். நல்ல சேலையைப் பார்த்துக் கட்டத் தெரியாதா என்று நான் சத்தம் போட்டேன்.

"வெட்ட முடியாது நானா" என்றேன்.

"ஏன்? ஒங்கட சொந்தக்காரனா?"

"அந்தக் கைய பொதச்சாச்சு."

பாறூக் நானா என் வேட்டியைப் பார்த்தார், ஹெட்லைட்டில் நார் மட்டும் மிஞ்சின மாலையைப் பார்த்தார். கத்தியை மடக்கினார். பிறகு இரண்டு வயரையும் தற்காலிகமாக டேப் சுற்றி, மழை விட்டதும் என்னை வேறு வழியால் அனுப்பிவைத்தார். உங்கள் வீட்டுப் பக்கம் வராமல் சுற்றிப் போகச் சொன்னது அவர் அல்ல, நான்தான் கேட்டேன். அந்த வேட்டியோடு, அந்தப் பச்சைத் தூள் கையோடு, எல்லாம் முடிந்த பிறகு வந்து என்ன சொல்வது?

தோட்டத்துக்கு வந்து பக்கத்து லயத்து வரிசை வீட்டு மூக்காயி அக்காவிடம் கேட்டேன். ரப்பர் பால் வெட்டுகிற ஆள், சீதாவோடு ஒட்டு. திண்ணமாக அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். தெரிந்திருந்தது.

"நாந்தேன் பால் கொண்டாந்து குடுத்தேன்" என்றார், ஏதோ கறிவேப்பிலை கொடுத்த மாதிரி. "ஒரு போத்தல். 'அக்கா, மழையில அவருக்கு வண்டி நின்னு போகுது, வயர் சேர்ற எடத்துல தண்ணி போகுதாம், ராத்திரி சோறு திங்கயில சொன்னாரு'ன்னுச்சு. நீங்க வேலைக்குப் போனப்புறம் ரெண்டு பேரும் ஒக்காந்து கட்டுனோம். ஒங்களுக்குத் தெரியக்கூடாதுன்னுச்சு."

"அமோனியா போட்ட பாலா, அக்கா?"

"போடாத பாலு போத்தலுக்குள்ளயே கட்டியாப் போகுமே. படிச்ச ஐயாவுக்கு இதுகூடத் தெரியாதா?"

"ஏன் எனக்குத் தெரியக்கூடாதாம்?"

"தெரிஞ்சா பிச்சு எறிஞ்சிருவீங்களாம். நீங்க எல்லாத்தையும் கழட்டிக் கழட்டிப் பாப்பீங்களாம்." பிறகு, "ஒரு வருசமா கழட்டவே இல்லயா?" என்றார்.

நான் நனைந்த வேட்டியின் ஓரத்தைப் பிழிந்தேன்.

"ஹோர்னும் அடிக்கிறதில்ல" என்றார் அவரே. "முந்தி அந்த முடக்கு வளைவுல வரும்போது ரெண்டு தரம் அடிப்பீங்க. புள்ள ஒடனே உள்ள ஓடும், 'அம்மா, அப்பா வந்தாச்சு, அப்பா வந்தாச்சு'ன்னு. சீதா தேத்தண்ணிக்குத் தண்ணி வைக்கும். எங்க லயத்துக்கே அதுதேன் கடிகாரம். இப்ப எப்ப வாறீங்க எப்ப போறீங்கன்னே ஒருத்தருக்கும் தெரியல."

அது வேறு கதை. நான் சொல்ல வந்தது கனெக்டர் விஷயம். ஆகவே மாமா, நடந்தது இதுதான்: ஒரு சொட்டும் குடிக்கவில்லை, வேண்டுமென்று ஹோர்ன் அடிக்கவில்லை, சீதாவின் ஆவியும் அடிக்கவில்லை. ஈரம், அமோனியா, பித்தளை, அவ்வளவுதான். சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்லி, அவர்கள் சாப்பிடாமல் போன பாயசத்துக்கு என் சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனாலும் யோசித்துப் பார்த்தேன். நீங்கள் எழுதினதில் நியாயம் இருக்கிறது. மெயின் சுவிட்சில் கை வைக்கிறவன், ஒரு வருஷமாக ஒரு கனெக்டரைக்கூடக் கழற்றிப் பார்க்காதவன், நாலு வயதுப் பிள்ளையை வைத்து எப்படிப் பார்க்கப் போகிறான்? அவளுக்குத் தலை பின்னிவிட எனக்குத் தெரியாது. காலையில் பம்பு நின்றால் யாரிடம் விட்டுவிட்டுப் போவேன்? அங்கே மாமி இருக்கிறார்கள், கடையில் ஆள் இருக்கிறது, பள்ளிக்கூடம் கிட்டே. குமுதினி உங்களிடமே இருக்கட்டும். நான் பேச்சு மாறமாட்டேன். பைக்கையும் துரையிடம் ஒப்படைத்துவிட்டேன், இனிமேல் அந்தச் சத்தம் உங்கள் வாசலில் கேட்காது. பொங்கலுக்கு முடிந்தால் பஸ்ஸில் வந்து பார்த்துவிட்டுப் போகிறேன்.

மாமிக்கு என் வணக்கம். ஐயரிடம் என் பெயரைச் சொல்லி விழுந்து கும்பிட்டதாகச் சொல்லுங்கள். மதில் மேலே காக்கைகள் திரும்பி வந்து உட்கார ஆரம்பித்திருந்தால் அவைகளுக்கும் ஒரு பிடி சோறு என் கணக்கில் வையுங்கள். உங்கள் கடை பெருகி, வீட்டில் இருக்கிற எல்லாருக்கும் ஆயுள் கெட்டியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உங்கள் மருமகன்,
நல்லையா.

பின்குறிப்பு: மாமா, கடிதத்த மடிச்சு ஒட்டப் போனேன். கை வரல. ஹேண்டில் நேரா இருந்தா ஹோர்ன் தானா அடிக்காதுன்னு நானே மேல எழுதியிருக்கேன். நீங்க வியாபாரி, ரெண்டாவது தரம் வாசிச்சா கண்டுபிடிச்சிருவீங்க. அதுக்கு முந்தி நானே சொல்லிடறேன்.

பின்னால பஸ் எதுவும் வரல. ரோடு காலியாத்தான் இருந்துச்சு. மூணாவது தரம் அடிச்சது நாந்தான். நிப்பாட்டத்தான் வந்தேன், சத்தியமா. மதகு கிட்ட வரும்போது குமுதி வாசப்படியில தனியா ஒக்காந்து அந்தத் தேங்காய உருட்டி விளையாடிக்கிட்டு இருந்தா. பார்த்ததும் ஏன்னு தெரியாது, கை போய் ரெண்டு தரம் அமுக்கிருச்சு. ஒரு வருசத்துக்கப்புறம். அவ நிமிந்தா. என்னைப் பார்த்தா. அப்படி ஒரு சிரிப்பு மாமா. தேங்காயப் போட்டுட்டு எழும்பினா, எங்கிட்டதான் ஓடி வரப்போறான்னு நினைச்சேன். திரும்பி வீட்டுக்குள்ள ஓடினா.

புள்ள பயந்து ஓடல. யாருகிட்ட சொல்ல ஓடினான்னு எனக்குத் தெரியும். ஒவ்வொரு அறையாப் போய்ப் பார்த்துட்டு வெளிய வருவாளே, அந்த முகத்தப் பார்க்க எனக்குத் தெம்பு இல்ல. அதனால அக்ஸிலேட்டர முறுக்கிட்டேன். வேற ஒரு காரணமும் இல்ல. கனெக்டர் மேல பழி போட்டு இவ்வளவு நேரம் எழுதியிருக்கேன்.

பைக்க தொரைகிட்ட ஒப்படைக்கல. எல்லாக் கனெக்டரையும் மாத்தி, காயவச்சு, கிரீஸ் பூசி மாட்டிட்டேன். ஹேண்டில எந்தப் பக்கம் திருப்பினாலும் இப்ப கம்முன்னு இருக்கு. ஹோர்ன் வயர்ல மட்டும் அவ சுத்தின துணிய அலசி, ரப்பர உரிச்சுட்டு, மேலாப்புல திரும்பக் கட்டியிருக்கேன். அது கரண்டுக்கு ஒரு கெடுதலும் செய்யாது.

புள்ள அங்கேயே இருக்கட்டும்னு எழுதின வரிய அடிச்சிருங்க. அந்த ரெண்டு சத்தத்துக்கு அர்த்தம் தெரிஞ்சவங்க இப்ப நானும் அவளும் மட்டுந்தான். நாங்க ரெண்டு பேரும் ரெண்டு ஊர்ல இருக்க முடியாது. தலை பின்ன மூக்காயி அக்கா சொல்லித் தாரேன்னிருக்காங்க. கயித்துல பழகிக்கிட்டு இருக்கேன்.

வர்ற ஞாயித்துக்கெழம வாறேன். மதகு கிட்ட ரெண்டு தரம் அடிப்பேன். அவ உள்ள ஓடுவா. மாமிகிட்ட சொல்லி வைங்க, பிடிச்சு நிறுத்த வேணாம், அழவும் வேணாம். ஓடட்டும், எல்லா அறையிலயும் தேடட்டும். அவ வெளிய வரும்போது எஞ்சின நிப்பாட்டிட்டு நான் வாசல்ல நிப்பேன்.

தேத்தண்ணிக்கு மட்டும் தண்ணி வச்சிருங்க.